கூலி கொடுத்தால் கடமை தீருமா?

கடற்கரை ஊர் ஒன்றில் நமக்கு நன்கு அறிமுகமான வீடு அது. அந்த வீட்டு உம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் துபாயில், நடு மகன் சிங்கப்பூரில், இளையவர் சென்னையில். மகள் மட்டும் உம்மாவுடன் இருக்கிறார். வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுப்பது நம் கடற்கரை ஊர்கள் பலவற்றின் வழக்கமல்லவா? அதன்படி வீடு மகளுக்கு வந்தது. வீட்டோடு உம்மாவைக் கவனிக்கும் பொறுப்பும் மகளுக்கே வந்து சேர்ந்தது.

மகளுக்கும் வயது ஐம்பத்தைந்து. தாயைத் தூக்கித் தூக்கி அவர் முதுகு தேய்ந்துபோன பிறகு, ஏஜென்சி மூலமாக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். இரவும் பகலும் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் மாதா மாதம். முதல் சில மாதங்கள் ஒழுங்காக நடந்தன. பிறகு, யார் எவ்வளவு அனுப்புவது என்ற பேச்சு எழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நால்வரும் கைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு சண்டையாக முற்றியது. "வீடு உனக்குத்தானே, நீயே பார்த்துக்கொள்" என்றார் ஒருவர். "நான்தான் மூன்று மாதமாக அனுப்புகிறேன்" என்றார் மற்றொருவர். கைபேசி இருந்தது உம்மாவின் கட்டிலுக்கு அருகில். உம்மா கண்களை மூடியிருந்தார், காதுகளை மூடவில்லை.

அன்று முதல் உம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். அஸருக்குப் பிறகு ஒரு மிடறு கூட வேண்டாம் என்று தலையசைத்துவிடுவார். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. நாக்கு வறண்டு, சிறுநீரில் கிருமி சேர்ந்து, காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகுதான் மகளிடம் மெல்லச் சொன்னார்: "தண்ணி குடிச்சா ராத்திரி ஆளைக் கூப்பிடணும் மகளே. எனக்காக எவ்வளவுதான் செலவு பண்ணுவீங்க?"

சகோதர சகோதரிகளே! இந்த வீட்டில் கூலி பாக்கி இல்லை, மருந்து பாக்கி இல்லை, சோறு பாக்கி இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று பெரும் பாக்கியாக நிற்கிறது. அது என்ன? பெற்றோரைப் பார்க்க ஆள் வைத்துக் கூலி கொடுத்தால் பிள்ளைகளின் கடமை தீர்ந்துவிடுமா? நம் வீடுகள் பலவற்றில் இன்று எழுந்திருக்கும் இந்தக் கேள்வியைச் சற்றே நிதானமாகச் சிந்திப்போம்.

குகைக்குள் இருந்த மூவர்

குகையில் அடைபட்ட மூவரின் சரித்திரத்தை மதரஸாவில் ஓதிய காலத்திலேயே கேட்டிருக்கிறோம். பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னதாக இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கும் ஹதீஸ் அது. வழிப்போக்கர் மூவர் குகைக்குள் ஒதுங்குகிறார்கள். பாறை உருண்டு வாயிலை அடைத்துவிடுகிறது. ஒவ்வொருவரும் அல்லாஹ்வுக்காகவே தாம் செய்த ஓர் அமலைச் சொல்லி துஆ கேட்கிறார்கள். பாறை சிறிது சிறிதாக விலகுகிறது.

அவர்களில் ஒருவர் ஆடு மேய்ப்பவர். முதிய தாய் தந்தையருக்குப் பால் கொடுத்த பிறகே தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். ஒருநாள் தூரம் போய்விட்டு நேரம் கழித்துத் திரும்பினார். பெற்றோர் தூங்கிவிட்டிருந்தார்கள். பால் கறந்தார், பாத்திரத்தைக் கையில் ஏந்தி அவர்கள் தலைமாட்டில் நின்றார். எழுப்பவும் மனமில்லை, அவர்களுக்கு முன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் மனமில்லை. பொழுது விடியும் வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவர் பாலைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கலாம். "உணவு கொடுக்க வேண்டியது என் கடமை, கொடுத்தாயிற்று" என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் துஆவில் அவர் எடுத்துச் சொன்னது பாலை மட்டுமல்ல; விடியும் வரை நின்றதையும் சேர்த்துத்தான். பால் ஒரு கடமை, நிற்பது மற்றொரு கடமை. பாலைப் பணத்தால் வாங்கலாம். நிற்பதை யாரிடம் வாங்குவது?

அதே குகையில் இன்னொருவர் இருந்தார். அவர் கூலியாட்களை வேலைக்கு வைத்தவர். ஒருவர் மட்டும் தம் கூலியை வாங்காமலே போய்விட்டார். இவர் அந்தக் கூலியை முதலாக்கிப் பெருக்கினார். காலம் கடந்து அவர் வந்து கேட்டபோது, பெருகியிருந்த கால்நடைச் செல்வம் அத்தனையையும் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். கூலிக்காரர் கேலி செய்வதாக நினைத்தாராம்!

பெற்றோரின் தலைமாட்டில் நின்றவரும், கூலியாளின் ஹக்கைக் காத்தவரும் ஒரே குகைக்குள் இருந்தார்கள் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இன்று நம் வீட்டின் ஒரே அறைக்குள்ளும் இந்த இரு ஹக்குகளும் இருக்கின்றன. கட்டிலில் உம்மா, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் பணிப்பெண். இருவரில் ஒருவருடைய ஹக்கைக் கொடுத்து மற்றவருடையதை மறந்தால் பாறை முழுவதும் விலகாது.

முதல் கடன்: செலவு

முதலில் பணத்தைப் பற்றியே பேசுவோம். இது பேசக் கூச்சப்பட வேண்டிய விஷயமே அல்ல. பேசாமல் விடுவதால்தான் அது வெள்ளிக்கிழமை இரவுச் சண்டையாக வெடிக்கிறது.

எதைச் செலவு செய்வது என்று கேட்டவர்களுக்கு, யாருக்குச் செலவிட வேண்டும் என்பதைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 215ஆம் வசனத்தில் அல்லாஹ் விடையாகச் சொல்கிறான். அந்த வரிசையில் முதலிடம் பெற்றோருக்கு. வசதியில்லாத பெற்றோருக்கு வசதியுள்ள பிள்ளைகள் செலவு செய்வது நஃபகா என்னும் கடமையாகும், தர்மம் அல்ல. இதை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். உம்மாவுக்குப் பணம் அனுப்பும் மகன் உபகாரம் செய்பவரல்லர், கடனை அடைப்பவர்.

இந்த நஃபகாவில் சோறும் துணியும் மட்டும்தான் அடங்குமா? இல்லை. முதுமையாலோ நீடித்த நோயாலோ இயலாமல் போனவருக்குத் தேவைப்படும் பணியாளின் செலவு, வைத்தியரின் கூலி, மருந்தின் விலை ஆகியவற்றையும் ஷாஃபிஈ சட்ட நூல்கள் சேர்த்தே சொல்கின்றன. ஆகவே வீட்டோடு ஆள் வைத்துப் பார்ப்பது ஆடம்பரமும் அல்ல, ஊர் பேசும் அவமானமும் அல்ல. "பெற்ற தாயைக் கூலிக்காரி பார்க்கிறாளாம்" என்ற ஏச்சுக்குப் பயந்து, ஒரே பெண்ணின் முதுகில் முழுப் பாரத்தையும் ஏற்றி, அவளையும் நோயாளியாக்கும் குடும்பங்கள் உண்டு. இது மார்க்கம் கேட்காத சுமை.

இந்தச் செலவு யார் மீது? பெற்றோருக்குச் சொந்தச் சொத்து இருந்தால் முதலில் அவர்கள் சொத்திலிருந்துதான். பல வீடுகளில் தவறு நிகழும் இடம் இதுவே. உம்மாவிடம் நகை இருக்கும். பேரில் ஒரு தோப்போ கடையோ இருக்கும். "அதை விற்றால் நாளைக்கு நமக்கு என்ன இருக்கும்?" என்று பிள்ளைகள் தடுப்பார்கள். நாளைக்கு நமக்கா? வாரிசுரிமை மவ்த்துக்குப் பிறகுதான் பிறக்கிறது. உயிரோடிருக்கும் வரை அந்த நகையின் ஒவ்வொரு குன்றிமணியும் உம்மாவுடையது. அவர் முதுகில் புண் வராமல் காக்கும் காற்று மெத்தையை அவர் பணத்தில் வாங்கத் தயங்கி, அவர் கழுத்துச் சங்கிலியைப் பத்திரப்படுத்துவது என்ன நியாயம்?

சொத்து இல்லையென்றால், அல்லது தீர்ந்துவிட்டால், வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. ஹனஃபீ மத்ஹபின் பிரதான சொல்லின்படி இதில் வசதியுள்ள மகனும் மகளும் சமமே. வசதியே இல்லாத பிள்ளை மீது பணக் கடமை இல்லை. அவர் பங்கையும் இயன்றவர்கள்தாம் ஏற்க வேண்டும். மத்ஹபுகளுக்கிடையே பங்கீட்டு விவரங்களில் வேறுபாடு உண்டு. குடும்பத்தில் சிக்கல் எழுந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

இரண்டு விஷயங்களைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்று, ஜகாத். ரமளானில் ஒதுக்கிய ஜகாத் பணத்திலிருந்து உம்மாவின் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தாம் செலவு செய்யக் கடமைப்பட்ட பெற்றோருக்கு ஜகாத் கொடுப்பது கூடாது. அவர்களுக்காக வைத்த ஆளின் கூலியை ஜகாத் கணக்கில் எழுதுவதும் கூடாது. கூலி என்பது வேலைக்கு ஈடு; ஜகாத் என்பது ஈடில்லாமல் கொடுப்பது. மற்றொன்று, மருமகள். கணவனின் தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்வதை ஷரீஅத் மருமகள் மீது கடமையாக்கவில்லை. அவள் செய்தால் அது அவளுடைய பெருந்தன்மை, அவளுக்குரிய நன்மை. மகன் தன் கடமையை அவள் தலையில் வைத்துவிட்டு, குறை கண்டால் அதட்டவும் செய்வது இரட்டை அநியாயமாகும்.

கணக்கை எழுதி வைப்போம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பெற்றோர் பராமரிப்பிலும் அந்த ஒழுங்கு வேண்டும்.

சம்பளம் மட்டும்தான் செலவு என்று நினைப்பது முதல் பிழை. ஏஜென்சியின் கமிஷன், ஆளின் சாப்பாடு, அவர் ஊருக்குப் போகும் நாட்களில் மாற்று ஆளின் கூலி, பெரியவர்களுக்கான டயாப்பர், ரப்பர் விரிப்பு, மருந்து, மாதம் ஒருமுறை மருத்துவரிடம் போகும் வண்டி வாடகை ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு வந்து நிற்கவும் கூடும். சம்பளத்தை மட்டும் நான்காகப் பிரித்துவிட்டு மற்றதையெல்லாம் வீட்டிலிருக்கும் மகள் சத்தமில்லாமல் சுமப்பதுதான் பெரும்பாலான வீடுகளின் கதை. உதாரணமாக, சம்பளம் 20,000, மற்றவை 10,000 என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் தலைக்கு 5,000 கொடுத்துவிட்டுச் சமமாகப் பிரித்துவிட்டோம் என்பார்கள். உண்மையில் மகள் கொடுப்பது 15,000. அவர் இழக்கும் தூக்கத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை.

எந்த வேலைக்கு எந்த ஆள் என்பதையும் அறிய வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது, நடக்கப் பிடித்துக்கொள்வது ஆகியவற்றுக்குப் பழகிய ஆயா போதும். மூக்குக் குழாயில் உணவு, சிறுநீர்க் குழாய், புண்ணுக்குக் கட்டு, ஊசி ஆகியவை படித்த நர்ஸின் வேலை. சம்பளம் குறைவென்று ஆயாவிடம் நர்ஸின் வேலையை வாங்குவது உம்மாவுக்கும் ஆபத்து. அந்தப் பெண்ணுக்கும் தீராப் பழி. சில வீடுகளுக்கு முழு நேர ஆள் தேவைப்படாது. பகலில் ஒருவர், வாரம் இருமுறை நர்ஸ் என்று வைத்தால் போதும்.

அரசாங்க உதவிகளையும் தெரிந்து வைத்திருப்போம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும், இயன்முறைப் பயிற்சியும் அதில் சேர்க்கப்பட்டன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்க வேண்டும். 2024இல், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு விரிவாக்கிய திட்டமும் உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சைக்கானது. வீட்டில் வைக்கும் ஆளின் சம்பளம் அதில் வராது. இதைத் தெரியாமல் "காப்பீடு இருக்கிறதே" என்று நம்பியிருப்பவர்கள் பலர்.

பெற்றோர் பராமரிப்புக்காக 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் 60 வயதைக் கடந்த எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. பிள்ளைகள் கவனிக்காவிடில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையைப் பெற்றுத்தர அந்தச் சட்டம் இடமளித்தது. தம்மைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காத பிள்ளையிடமிருந்து மீட்கவும் அதில் வழி இருக்கிறது. நம் பெரியவர்கள் இருக்கும் வீட்டையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். பெற்ற தாய் மகனுக்கெதிராக மனுவோடு வாசற்படி ஏறும் நிலை நம் வீடுகளுக்கு வராமல் அல்லாஹ் காப்பானாக!

இரண்டாம் கடன்: கூலியாளின் ஹக்கு

வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிடும்படி கூறும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இடம்பெற்றிருக்கிறது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் உள்ளது. ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே உண்ணக் கொடுங்கள், சக்திக்கு மேல் சுமத்தாதீர்கள் என்ற கருத்தில் அபூதர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்பித்த பாடத்தையும் நாம் அறிவோம்.

இந்த அளவுகோலை எடுத்து நம் வீட்டுக் கட்டிலருகே வைத்துப் பார்ப்போம். இருபத்து நான்கு மணி நேர வேலை என்று பேசுகிறோம். எந்த மனிதப் பிறவி இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருக்கும்? படுக்கையில் அசையாமல் இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். இரவில் பலமுறை எழுந்தவருக்குப் பகலில் உறங்க நேரம் தருகிறோமா? வாரத்தில் ஒருநாள் ஓய்வு தருகிறோமா? உம்மாவைப் பார்க்க வந்தவரிடம் சமையலையும், பாத்திரத்தையும், பேரப்பிள்ளைகளின் துணியையும் சேர்த்துச் சுமத்துகிறோமா? ஏஜென்சிக்கு அனுப்பும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

அந்தப் பெண் பெரும்பாலும் தூரத்துக் கிராமத்திலிருந்து, தன் தாயை யாரிடமோ விட்டுவிட்டு, நம் தாயைப் பார்க்க வந்தவள். நம் மார்க்கத்தைச் சேராதவளாகவும் இருக்கலாம். அதனால் அவள் ஹக்கு குறைந்துவிடாது. உம்மா அவளை "மகளே" என்று அழைக்கும்போது, நாம் "ஏய்" என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்காக உம்மாவின் அறையில் கேமரா மாட்டுகிறார்கள். கவலையால் செய்வதுதான், ஆனால் அந்த அறையில்தான் உம்மாவை உடை மாற்றிச் சுத்தம் செய்கிறார்கள். வாழ்நாள் முழுதும் தலைமுக்காடு நழுவாமல் வாழ்ந்த தாயின் மறைவிடம், அவர் அறியாமலே பிள்ளைகளின் கைபேசிக்குப் போகலாமா? பணிப்பெண்ணும் ஒரு பெண்தானே? வைக்கத்தான் வேண்டுமென்றால் இருவரிடமும் சொல்லி, சம்மதம் பெற்று, வாசலைப் பார்த்து வைக்கட்டும். வாப்பாவுக்கு ஆண் ஆளும், உம்மாவுக்குப் பெண் ஆளும் என்பதில் இயன்றவரை விட்டுக்கொடுக்கலாகாது.

மூன்றாம் கடன்: கூலிக்கு ஆள் கிடைக்காதது

செலவும் கூலியும் சரியாக நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களில், பெற்றோர் உன்னிடத்தில் முதுமையை அடைந்தால் அவர்களை நோக்கிச் சடைப்பாக ஒரு சொல்லும் சொல்லாதே, விரட்டாதே, கண்ணியமாகப் பேசு, பணிவெனும் சிறகை அவர்களுக்காகத் தாழ்த்து என்ற கருத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இவற்றில் எதைக் கூலிக்கு வாங்க முடியும்? கனிந்த சொல்லுக்கு ஏஜென்சி உண்டா? சிறகைத் தாழ்த்த மாற்று ஆள் அனுப்புவார்களா? "உன்னிடத்தில்" என்ற சொல்லை விளக்கவுரையாளர்கள் கவனிக்கச் சொல்வார்கள். பெற்றோர் பிள்ளையின் அருகில், அவன் பொறுப்பில், அவன் பார்வையில் இருக்கும் நிலை அது.

"பிழைப்புக்காகக் கடல் கடந்திருக்கிறோம், நாங்கள் எப்படி அருகில் இருப்பது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் அனுப்பும் பணம் இல்லையென்றால் உம்மாவுக்கு ஆளும் இல்லை, மருந்தும் இல்லை. வேலையை உதறிவிட்டு வாருங்கள் என்று நாம் சொல்லவில்லை. சொந்தக் கையால் செய்தால்தான் பணிவிடை, ஆள் வைத்தால் பாவம் என்றும் நாம் சொல்லவில்லை. எலும்பு முறிந்தவரைத் தூக்கத் தெரிந்த கை, தெரியாத பிள்ளையின் கையைவிட நல்லதே. நாம் சொல்வது ஒன்றுதான்: பணம் அனுப்பியதும் இரண்டாவது கடன் அடைந்துவிட்டதாக எண்ணாதீர்கள். பால் கொண்டுவந்த பிறகு நிற்பதும் இருக்கிறது.

தூரத்திலிருப்பவர் எப்படி நிற்பது? தினமும் ஒரே நேரத்தில் அழைத்து, செலவைப் பற்றியல்லாமல் உம்மாவோடு பேசுவது நிற்பதே. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வரும் விடுமுறையில் கல்யாண விருந்துகளுக்கு ஓடாமல், பதினைந்து நாள் உம்மாவின் அறையில் படுத்து, சகோதரியையும் பணிப்பெண்ணையும் ஓய்வெடுக்க அனுப்புவது நிற்பதே. நால்வர் இருந்தால் விடுமுறைகளை ஒரே மாதத்தில் கொட்டாமல் ஆண்டு முழுதும் பிரித்து வைத்துக்கொள்வது நிற்பதே. எல்லாவற்றுக்கும் மேலாக, உம்மாவின் காதில் விழும்படி கணக்குப் பேசாமல் இருப்பது நிற்பதிலெல்லாம் பெரிய நிற்பு.

ஊரிலிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோரின் இபாதத்தைக் கவனிப்பது நம் பொறுப்பு. ஆயாவிடம் விட முடியாது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும், சைகையாலும் தொழலாம். ஒளூவுக்குப் பிறர் தண்ணீர் ஊற்றித் தரலாம். தண்ணீர் தீங்கு செய்யுமானால் தயம்மும் இருக்கிறது. வக்து வருமுன் துணியை மாற்றிவிட்டு "உம்மா, ளுஹர் வந்துவிட்டது" என்று சொல்ல ஒரு பிள்ளை வேண்டாமா? அறிந்ததையெல்லாம் மறந்துவிடும் தள்ளாத வயதைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயம் 70ஆம் வசனத்தில் அல்லாஹ் குறிப்பிடுகிறான். அத்தகைய மறதி முற்றியவர் மீது தொழுகைக் கடமை இல்லை. அவரை அதட்டித் தொழ வைக்க வேண்டாம். ஆனால் பழக்கத்தால் உதடுகள் ஃபாத்திஹாவை முணுமுணுத்தால் அருகில் அமர்ந்து சேர்ந்து ஓதுங்கள். அந்த நேரத்தில் நீங்கள்தான் அவருக்கு ஞாபகம்.

மஹல்லா என்ன செய்யலாம்?

பிள்ளைகளே இல்லாதவர்கள், இருந்தும் வசதியற்றவர்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு யார்? இதற்கு அண்டை மாநிலத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டு சில மருத்துவர்கள் வலி தணிப்புச் சேவை ஒன்றைத் தொடங்கினார்கள். 2001 வாக்கில் அது மலப்புறம் மாவட்டத்தின் தெருக்களுக்குப் பரவியது. அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்றார்கள். படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு நர்ஸோடு சென்றார்கள். கடைக்காரர்களும் கூலிக்காரர்களும் போட்ட சிறு காசுகளில் அந்தச் சேவை நடந்தது. 2008இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. மலப்புறம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பெரிய கட்டடம் வேண்டாம். பள்ளிவாசலின் ஓர் அறையில் நான்கு சக்கர நாற்காலிகள், இரண்டு காற்று மெத்தைகள், சில கமோடு நாற்காலிகள் வாங்கி வைத்து இரவல் கொடுக்கலாம். ஒரு வீட்டில் மவ்த்தான பிறகு மூலையில் கிடக்கும் சாமான்களையே கேட்டு வாங்கினால் போதும். நம் பெண்களில் நர்ஸ் படிப்புப் படித்தவர்கள் மாதம் ஒருமுறை மற்றப் பெண்களுக்குப் புரட்டிப் படுக்க வைக்கவும், தலையை உயர்த்தி ஊட்டவும் கற்றுக் கொடுக்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு பெரியவரின் அருகில் இருக்க இளைஞர்களும் யுவதிகளும் முறை வைத்துக்கொள்ளலாம். ஏழை முதியோர் ஜகாத் பெறத் தகுதியுடையவராயின் பைத்துல்மால் உதவலாம்.

மீண்டும் அந்த வீட்டுக்கு

கடற்கரை ஊரின் அந்த வீட்டில் என்ன நடந்தது? மருத்துவமனையிலிருந்து உம்மா திரும்பிய வாரம், துபாயிலிருந்த மூத்த மகன் புறப்பட்டு வந்தார். ஊர் ஆலிமை அழைத்து நால்வரும் மசூராச் செய்தார்கள். அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. உம்மாவின் பெயரிலிருந்த கடை வாடகை இனி உம்மாவின் செலவுக்கே என்று முடிவாயிற்று. மீதியை வசதிக்கேற்பப் பகிர்ந்தார்கள், நோட்டில் எழுதினார்கள். பணிப்பெண்ணுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு தந்தார்கள். சகோதரியிடம் மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

அன்றிரவு மூத்தவர் உம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். அறுபதை நெருங்கும் மனிதர். உம்மாவைச் சுத்தம் செய்ய அவருக்குத் தெரியாது. அதற்குப் பணிப்பெண் அடுத்த அறையில் இருந்தாள். அவர் செய்ததெல்லாம் அருகில் இருந்ததுதான். நடு இரவில் உம்மா கூப்பிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு, தாமாகவே, இரண்டே சொல் சொன்னார்: "தண்ணி தா."

வயதான பெற்றோரை அடைந்தும் அவர்கள் மூலம் சுவனம் புகாதவனின் நஷ்டத்தைப் பற்றிப் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்த ஹதீஸ் முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. அந்தச் சுவன வாசல் நம் வீட்டுக்குள்ளேயே, ஒரு கட்டிலின் தலைமாட்டில் திறந்து கிடக்கிறது. செலவைக் குறையாமல் கொடுக்கவும், கூலியைத் தாமதியாமல் கொடுக்கவும், கொடுத்த பிறகும் தலைமாட்டில் நிற்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. நம் பெற்றோரில் மறைந்துவிட்டவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.